ஆறு மாறியதா, குப்பி மாறியதா?

ஈயத்தால் ஆன ஒரு கனசதுரத் துணுக்கு. பக்கம் 0.02 மில்லிமீட்டர்; தலைமுடியின் தடிமன்கூட இல்லை. எடை சுமார் 0.09 மைக்ரோகிராம். உலக ஆறுகளின் நீரில் கரைந்துள்ள ஈயத்துக்கு 2003இல் ஜெரோம் கயார்தே குழுவினர் தொகுத்த சராசரி லிட்டருக்கு 0.079 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் குப்பிக்குள் இந்தத் துணுக்கு விழுந்து, மாதிரியைப் பாதுகாக்க ஊற்றும் நைட்ரிக் அமிலத்தில் கரைந்துவிட்டால், ஆய்வகத்தில் தெரியும் ஈயம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். துணுக்கின் பக்கம் 0.1 மில்லிமீட்டராக இருந்தால் சேர்வது 11 மைக்ரோகிராம். அது ஆற்றின் உண்மை அளவைப்போல 140 மடங்கு. கருவி குப்பியில் இருப்பதைச் சரியாகவே சொல்லும். அது ஆற்றிலிருந்து வந்ததா, நீர் எடுக்க நின்ற பாலத்தின் கைப்பிடியிலிருந்து வந்ததா என்று கருவியிடம் கேட்க முடியாது.

இந்தக் கணக்கை முதலிலேயே போட்டதற்குக் காரணம் உண்டு. ஆற்றுநீரில் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும் ஈயம், துத்தநாகம் போன்ற சுவடுத் தனிமங்கள் ஆண்டுக்கணக்கில் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்ற கேள்விக்கு ஒரு நாடு நூற்றுக்கணக்கான இடங்களில் நீர் மொண்டு விடை தேடியது. விடையும் கிடைத்தது, புகழ்பெற்ற இதழில் வெளியானது. பிறகு அந்த எண்களில் ஒரு பகுதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவற்றைச் சேகரித்த நிறுவனமே எச்சரிக்க நேர்ந்தது. அமெரிக்காவில் 1973க்கும் 1994க்கும் இடையே நடந்த அந்த நிகழ்வைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

எண்கள் சொன்ன கதை

1972இல் அமெரிக்காவில் தூயநீர்ச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, அந்நாட்டுப் புவியியல் அளவை நிறுவனம் தேசிய ஓடைநீர்த் தரக் கணக்கீட்டு வலையமைப்பைத் தொடங்கியது. அதன் நிலையங்கள் பின்னர் 500ஐத் தாண்டின. திட்டமிட்ட இடைவெளியில், அதே இடத்தில், அதே முறையில் நீர் எடுப்பது. பத்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்து ஆறுகள் எந்தப் பக்கம் நகர்ந்துள்ளன என்று சொல்வது. இதுதான் அதன் நோக்கம். நீண்டகாலப் போக்கைக் கண்டறியவே கட்டப்பட்ட அமைப்பு அது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1987இல் ரிச்சர்ட் ஸ்மித், ரிச்சர்ட் அலெக்சாண்டர், கார்டன் வோல்மன் ஆகிய மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 300க்கும் மேற்பட்ட இடங்கள், 24 அளவீடுகள், 1974 முதல் 1981 வரையிலான காலம். ஈயம் பரவலாகக் குறைந்திருந்தது. ஆர்சனிக்கும் காட்மியமும் பரவலாகக் கூடியிருந்தன. ஈயம் கலந்த பெட்ரோலின் பயன்பாடு அந்த ஆண்டுகளில் சரிந்துகொண்டிருந்ததால் ஈயத்தின் இறக்கம் உடனே பொருள்பட்டது. ஆர்சனிக், காட்மியம் ஏறியதற்கு நிலக்கரி எரிப்பு பொருத்தமான விளக்கமாகத் தோன்றியது.

புள்ளியியல் பக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. ராபர்ட் ஹிர்ஷ், ஜேம்ஸ் ஸ்லாக், ஸ்மித் மூவரும் 1982இல் முன்வைத்த, போக்கைக் கண்டறியும் பருவகால கெண்டால் சோதனை இன்றும் நீர்த்தர ஆய்வில் நாள்தோறும் பயன்படுகிறது. ஜனவரியை ஜனவரியோடும் ஜூலையை ஜூலையோடும் மட்டுமே ஒப்பிடும் எளிய, உறுதியான முறை அது. சிக்கல் கணக்கில் இல்லை. கணக்குக்குள் நுழைந்த எண்கள் பாலத்தின்மேல் பிறந்த விதத்தில் இருந்தது.

கடலிலிருந்து வந்த சந்தேகம்

நன்னீர் வேதியியலாளர்கள் நிம்மதியாக இருந்த காலத்தில், கடல் வேதியியலாளர்கள் ஒருமுறை நன்றாகச் சூடுபட்டிருந்தார்கள். கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் அறிவித்தவர். அந்த வேலைக்காக ஆய்வகத்தில் ஈயத்தை ஒழிக்கப் பாடுபட்டபோது, காற்றிலும் தூசியிலும் தோலிலும் கண்ணாடிப் பாத்திரத்திலும் அது ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். அதன்பின் அவரும் மற்றவர்களும் கடல்நீரைத் தூய முறையில் எடுத்து அளந்தார்கள். பாடநூல்களில் இருந்த அளவுகள் சில தனிமங்களில் பத்து மடங்கு, சிலவற்றில் ஆயிரம் மடங்குகூடச் சரிந்தன. கடல் மாறவில்லை; எடுத்தவர்களின் கை சுத்தமானது, அவ்வளவே.

அந்தப் பள்ளியில் பயின்ற கண்கள் ஆற்றுப் பக்கம் திரும்பியது இயல்பு. ஆலன் ஷில்லரும் எட்வர்ட் பாயிலும் 1985இல் ஆறுகளின் கரைந்த துத்தநாகம் பற்றியும், 1987இல் மிசிசிப்பியின் சுவடு உலோகங்கள் பற்றியும் எழுதினார்கள். தூய முறையில் அவர்கள் பெற்ற மதிப்புகள் அதுவரை புழங்கிய மதிப்புகளைவிட வெகு கீழே இருந்தன. 1991இல் ஹெர்பர்ட் விண்டமும் குழுவினரும் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை ஆறுகளில் தாங்கள் எடுத்த அளவுகளை வலையமைப்பின் எண்களோடு நேரடியாக ஒப்பிட்டார்கள். காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றில் வலையமைப்பின் எண்கள் மிக உயரத்தில் நின்றன. உலோகப் போக்குகளை மதிப்பிட அந்தத் தரவு போதாது என்று அவர்கள் நேரடியாகவே எழுதினார்கள். அறிவியல் கட்டுரைகளில் இவ்வளவு பட்டவர்த்தனமான மொழி அபூர்வம்.

அதே ஆண்டு புவியியல் அளவை நிறுவனம் உள்சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது: மைக்ரோகிராம் மட்டத்தில் உள்ள கரைந்த சுவடுத் தனிமத் தரவைப் பயன்படுத்துவதில் வரம்பு உண்டு, மாதிரி எடுக்கும் நிலையிலேயே மாசு கலந்திருக்கிறது என்று. சொந்தப் பெட்டகத்தைப் பற்றித் தானே இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். புதிய நெறிமுறை 1994இல் ஆர்தர் ஹோரோவிட்ஸ் முதலானோரின் பெயரில் வந்தது.

உலோகம் எங்கிருந்து வந்தது?

பெரிய ஆற்றில் நீர் எடுப்பது குளத்தில் சொம்பு முக்குவது போன்றதல்ல. பாலத்தின் நடுவிலிருந்து உருளையில் சுற்றிய எஃகுக் கம்பியில் எடை மிகுந்த கருவி கீழே இறங்கும். வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமலிருக்க எடை தேவை. இத்தகைய கருவிகள் வண்டலை அளக்க உருவானவை. அவற்றின் உடல் உலோகம். பாலத்தின் கைப்பிடி துத்தநாகம் பூசியது. பக்கத்திலேயே வாகனங்கள் ஓடுகின்றன. மேலே வந்த நீரை வண்டியின் பின்புறத்தில் வைத்துப் பங்கிட்டு, வடிகட்டி, அமிலம் சேர்த்து, மூடியிட வேண்டும். கையுறையின் உட்புறப் பொடியில்கூடத் துத்தநாகம் இருக்கலாம். ரப்பர் குழாயில் இருக்கும். குப்பி மூடியின் உள்வட்டில் இருக்கலாம். அமிலத்திலேயே இருக்கலாம்.

லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியத்தை அளக்கும்போது இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. துத்தநாகத்தின் உலகச் சராசரி 0.6 மைக்ரோகிராம் என்னும்போது, அதற்கு முன் சொன்ன ஒவ்வொன்றும் ஆற்றைவிடப் பெரிய மூலம். பழைய நெறிமுறையில் பயின்றவர்கள் அலட்சியமானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மில்லிகிராம் உலகத்துக்காக எழுதப்பட்ட ஒழுங்கை மைக்ரோகிராம் உலகத்திலும் நேர்மையாகக் கடைப்பிடித்தார்கள்.

இதைப் பிடித்திருக்க வேண்டியது வெற்று மாதிரி. மிகத் தூய நீரை எடுத்துச் சென்று, ஆற்று நீருக்குச் செய்யும் அத்தனையையும் அதே கருவியில், அதே பாலத்தில், அதே வடிகட்டியில் செய்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் துத்தநாகம் 8 மைக்ரோகிராம் என்று வந்தால், ஆற்றில் 9 என்று வந்த எண்ணை என்ன செய்வது என்று யாருக்கும் புரிந்துவிடும். ஆய்வகத்துக்குள் செய்யும் வெற்றுச் சோதனை இதற்கு ஈடாகாது. ஆய்வகம் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும்.

புதிய ஒழுங்கில் இருவர் வேண்டும். ஒருவர் கை ‘சுத்தக் கை’: அது குப்பியையும் குப்பி இருக்கும் உள்பையையும் மட்டுமே தொடும். மற்றவர் கை ‘அழுக்குக் கை’: வெளிப்பை, கம்பி, உருளை, வண்டிக் கதவு எல்லாம் அதன் பொறுப்பு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் 1669ஆம் எண் முறையாக இதை வகுத்தது. பார்ப்பதற்கு ஒரு சடங்கைப் போலத்தான் இருக்கும். செய்துபார்த்தால் எண்கள் இறங்கும்.

நிலையான பிழை என்ற ஆறுதல்

இங்கே பலரும் எழுப்பும் ஒரு வாதத்தோடு மல்லுக்கட்டியாக வேண்டும். ‘மாசு இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் அதே மாசுதானே? எண்கள் உயரத்தில் இருந்தாலும் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது சரியாகத்தானே வரும்?’ என்பார்கள். தராசு எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டினாலும் எடை குறைவது தெரியும் அல்லவா என்ற தர்க்கம் அது.

மாசு அப்படி நிலையாக நிற்பதில்லை. அது ஆளைப் பொறுத்தது. குப்பி எந்தத் தொகுதியில் வாங்கப்பட்டது, அமிலப் புட்டி எப்போது திறக்கப்பட்டது, அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையெல்லாம் பொறுத்தது. சில மாதிரிகளில் துளியும் இல்லை, சிலவற்றில் மலைபோல. ஆற்றின் ஏற்றத்தாழ்வு 0.3 மைக்ரோகிராம், மாசின் ஏற்றத்தாழ்வு 10 மைக்ரோகிராம் என்றால், கெண்டால் சோதனை எதை வரிசைப்படுத்துகிறது? மாசைத்தான்.

அதைவிட மோசமானது, மாசுக்கே ஒரு திசை இருப்பது. நிறுவனங்கள் காலப்போக்கில் மேம்படுகின்றன. உலோக மூடி பிளாஸ்டிக் மூடியாகிறது, குப்பிகளை அமிலத்தில் ஊறவைக்கும் பழக்கம் வருகிறது, பயிற்சி கூடுகிறது. ஆக, மாசு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆறு அசையாமல் இருக்க, வரைபடம் மட்டும் அழகாகச் சரியும். அந்தச் சரிவைப் பார்த்து ஒழுங்குமுறைச் சட்டம் வென்றது என்று எழுதத் தோன்றும். நல்ல செய்தியைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது என்பதால் இந்தப் பிழைக்கு ஆயுள் அதிகம்.

இதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிழை, கண்டறிவு எல்லை: கருவியால் உறுதியாகக் காண முடிந்த மிகக் குறைந்த அளவு. ஒரு தனிமத்துக்கு அந்த எல்லை 10 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் 0.4 தான் இருக்கிறது. அறிக்கையில் ‘10க்குக் கீழ்’ என்று வரும். ஆய்வாளர் வழக்கப்படி அதில் பாதியை, 5 என்று, போட்டுக்கொள்கிறார். பிறகு கருவி மாறுகிறது. கிராஃபைட் உலை வருகிறது, பிளாஸ்மா நிறைநிரல்மானி வருகிறது. எல்லை 1 ஆகிறது. இப்போது பாதி 0.5. ஆற்றில் இன்றும் 0.4 தான். வரைபடத்தில் பத்து மடங்கு வீழ்ச்சி. டென்னிஸ் ஹெல்சல் இந்தப் பாதி போடும் பழக்கத்துக்கு எதிராக 1990 முதல் எழுதிவருகிறார். எல்லைக்குக் கீழுள்ள மதிப்புகளைக் கையாள உயிர்பிழைப்புப் புள்ளியியலில் (நோயாளிகள் எவ்வளவு காலம் பிழைக்கிறார்கள் என்று கணிக்கும் முறைகளில்) நல்ல கருவிகள் உண்டு. இருந்தும் பாதி போடும் கை ஓயவில்லை.

‘கரைந்தது’ என்ற சொல்

கரைந்தது எது? நடைமுறையில், 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியைத் தாண்டியதெல்லாம் கரைந்தது. இயற்கை வகுத்த எல்லை அல்ல இது. வசதிக்காக வகுத்த கோடு. இரும்பு, அலுமினியக் கூழ்மத் துகள்கள் (படியாமல் நீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள்) இந்தக் கோட்டின் இருபுறமும் கிடக்கின்றன. சிறியவை தாண்டிப் போய்க் ‘கரைந்தவை’ ஆகிவிடும்.

1990களில் ஹோரோவிட்ஸும் குழுவினரும் இதைத் துருவிப் பார்த்தார்கள். ஒரே நீரை வெவ்வேறு விட்டமுள்ள வடிகட்டிகளில், வெவ்வேறு கொள்ளளவில் வடித்தபோது, கரைந்த இரும்பும் அலுமினியமும் வெவ்வேறாக வந்தன. காரணம் சமையலறையில் காபி வடிகட்டுபவருக்கும் தெரிந்ததுதான்: வண்டல் படியப் படியத் துளை அடைபடும். 0.45 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், பாதி லிட்டர் கலங்கல் நீர் போனபின் அது அதைவிட நுண்ணிய வடிகட்டி. முன்பு தாண்டிய துகள் இப்போது தாண்டாது.

இதை நீண்டகாலப் போக்கோடு சேர்த்து யோசித்தால் கொஞ்சம் தலை சுற்றும். ஓர் ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுகிறார்கள். வண்டல் அணைக்குள் தங்கிவிடுகிறது. கீழே நீர் தெளிகிறது, வடிகட்டி மெதுவாக அடைபடுகிறது, கூடுதல் கூழ்மம் தாண்டுகிறது. ‘கரைந்த இரும்பு’ கூடிவிட்டது என்று அறிக்கை வரக்கூடும். இதை மட்டுப்படுத்தவே புதிய நெறிமுறை பரப்பு மிகுந்த ஒரே வகை வடிகட்டிக்கு மாறச் சொன்னது. எந்த வடிகட்டி, எத்தனை மில்லிலிட்டர் என்பது தரவோடு எழுதப்படவில்லை என்றால் இரும்பின் போக்கைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்.

அப்படியென்றால் ஈயம் குறையவில்லையா?

குறைந்தது. இந்த நிகழ்வின் வேடிக்கை அதுதான். ஜான் ட்ரெஃப்ரி குழுவினர் 1985இல், மிசிசிப்பி கொண்டுசெல்லும் ஈயம் பத்தாண்டுகளில் சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டது என்று காட்டினார்கள். அவர்கள் நம்பியது பெரும்பாலும் நீரில் மிதக்கும் துகள்களையும் கழிமுகத்துக்கு அப்பால் படிந்த வண்டலையும். ஈயம் துகளோடு ஒட்டிப் பயணம் செய்யும் உலோகம். கரைந்த நிலையில் செல்வது சிறு பங்கு. துகளில் அது கிராமுக்குப் பல மைக்ரோகிராம் என்ற அளவில் இருப்பதால், கையுறைப் பொடியும் பாலத்துத் தூசியும் அங்கே எடுபடாது. எட்வர்ட் காலெண்டர், பீட்டர் வான் மீட்டர் இருவரும் 1997இல் நீர்த்தேக்கங்களின் அடியில் குழாய் இறக்கி எடுத்த வண்டல் அடுக்குகளிலும் இதே இறக்கம் தெரிந்தது.

ஆகவே 1987 ஆய்வு ஈயத்தின் திசையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதைச் சரி என்று இன்று சொல்ல வைப்பது வண்டல். வலையமைப்பின் கரைந்த ஈயத் தரவு அந்தச் சாட்சியத்தைத் தனியாகத் தாங்கியிருக்காது. காட்மியத்தின் ஏற்றத்துக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: அந்தக் குப்பிகளைத் தவிர வேறு எது அதைச் சொல்கிறது?

எப்போது நம்பலாம்?

கரைந்த தனிமங்களின் போக்கு எதையும் நம்ப முடியாது என்ற அவநம்பிக்கைக்கு இது கொண்டுபோய்விடக் கூடாது. கொலராடோ மலைகளில் ஸ்நேக் ஆற்றின் தலைப்பகுதி இயற்கையிலேயே அமிலத்தன்மை கொண்டது. பாறையில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கிறது. அங்கே 30 ஆண்டுத் தரவை வைத்து ஆண்ட்ரூ டாட் குழுவினர் 2012இல் வெளியிட்ட முடிவு: நீரோட்டம் குறைந்த மாதங்களில் கரைந்த துத்தநாகம் 100 முதல் 400 சதவீதம் வரை கூடியிருக்கிறது. லிட்டருக்கு 400 முதல் 2,000 மைக்ரோகிராம் உயர்வு. படுகையில் நிலத்தைக் குடைந்த புதிய வேலை எதுவும் இல்லை. வெப்பநிலை உயர்வதைத்தான் அடிப்படைக் காரணமாக அவர்கள் காண்கிறார்கள். உறைநிலம் இளகுவதும் நிலத்தடி நீர்மட்டம் தாழ்வதும் புதிய பைரைட்டைக் காற்றுக்குத் திறந்துவிடக்கூடிய வழிகள்.

இதை நம்புகிறேன், இரண்டு காரணங்களால். எந்தக் கையுறையும் 2,000 மைக்ரோகிராம் துத்தநாகத்தைக் கொட்டாது. அடுத்து, சல்பேட்டும் கூடவே ஏறியிருக்கிறது. சல்பேட் மில்லிகிராம் உலகத்தைச் சேர்ந்தது, பாலத்துத் தூசியால் அசையாதது. பைரைட் சிதைந்தால் துத்தநாகத்தோடு சேர்ந்து ஏற வேண்டியதும் அதுதான்.

கடோலினியம் என்ற உலோகம் வேறு வகை. எம்ஆர்ஐ படமெடுக்கும்போது நரம்பில் ஏற்றும் மருந்துகளில் அது இருக்கிறது. சிறுநீரில் வெளியேறி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பெரும்பாலும் சிக்காமல் தாண்டி, கரைந்த நிலையிலேயே ஆற்றை அடைகிறது. மைக்கேல் பாவும் பீட்டர் டுல்ஸ்கியும் 1996இல் ரைன் உள்ளிட்ட ஆறுகளில் இதைக் காட்டினார்கள். அளவு மிகச் சொற்பம். ஆனாலும் நம்பலாம், ஏனென்றால் அளவுகோல் அதே குப்பிக்குள் இருக்கிறது: அருமண் உலோகங்கள் எனப்படும், வேதியியலில் ஒன்றையொன்று ஒத்த தனிமங்களின் வரிசையில் கடோலினியத்தின் இருபுறத்து அண்டைத் தனிமங்கள். தூசி விழுந்தால் வரிசை முழுவதும் உயரும். கடோலினியம் மட்டும் தனியே துருத்திக்கொண்டு நின்றால் அது மருத்துவமனையிலிருந்து வந்தது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்பகுதியில் மனிதரால் சேர்ந்த கடோலினியம் இருபது ஆண்டுகளில் கிலோவுக்கு 8 பிகோமோலிலிருந்து (பிகோமோல் என்பது ஒரு மோலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) 112ஆக உயர்ந்ததாக வனேசா ஹாத்யே முதலானோர் 2016இல் பதிவுசெய்தார்கள்.

மாசே இல்லாமலும் ஏமாறலாம். மான்டானா, ஐடஹோ ஓடைகளில் டேவிட் நிமிக் குழுவினர் 2003இல் காட்டியபடி, கரைந்த துத்தநாகம் பிற்பகலில் தாழ்ந்து விடியற்காலையில் பல மடங்கு உயரும். ஆர்சனிக் அதற்கு எதிர்த்திசையில் ஆடும். பகலில் நீர்த்தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடை இழுத்து அமிலத்தன்மையைக் குறைக்க, துத்தநாகம் படுகையில் ஒட்டிக்கொள்கிறது. பத்தாண்டுகள் காலை எட்டு மணிக்கு வந்த குழு, வேலை ஒழுங்கு மாறி மாலை மூன்றுக்கு வரத் தொடங்கினால் துத்தநாகம் ‘குறையும்’. மாதிரி எடுத்த மணி பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

1994க்கு முந்தைய எண்களை இன்று பயன்படுத்துபவர் செய்யக்கூடியது, தொடரை அந்த ஆண்டில் இரண்டாக வெட்டுவது. முன்பகுதியின் கால்சியம், சல்பேட், குளோரைடு நன்றாகவே இருக்கின்றன. காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகத்தைப் பின்பகுதியோடு ஒட்டிக் கோடு இழுக்கக் கூடாது. கழித்துச் சரிசெய்யலாமா என்றால், கழிப்பதற்கு அன்றைய வெற்று மாதிரி வேண்டும். அந்த ஆண்டுகளில் ஓடிய நீரும் கடலுக்குப் போய்விட்டது. அதிலிருந்து மிஞ்சியது நீர்த்தேக்கங்களின் அடியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் வண்டல் மட்டுமே.